சேலத்துப் பூர்வீகம்: எமிக்ரேஷன் பாஸா, குலதெய்வமா, டி.என்.ஏ.வா?

தென்னாப்பிரிக்காவின் நட்டால், ஃபிஜி, மொரிஷியஸ் என்று ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் ஊரை உறுதிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எங்கள் சாய்வு எமிக்ரேஷன் பாஸ் பக்கம். போனவர் தன் வாயால் சொன்னதைக் கப்பலேறும் முன்பே எழுதிவைத்த தாள் அது ஒன்றுதான்.

பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் எல்லாம் அதில் வரும். பெயரை வைத்துத் தேடினால் முனுசாமிகளுக்கு முடிவே இருக்காது. எண்ணைப் பிடியுங்கள். நட்டாலில் இறங்கியவருக்குத் தந்த காலனி எண் திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று பின்னாலேயே வரும். வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழிலிருந்து அந்த எண்ணுக்கும், எண்ணிலிருந்து கப்பல் பட்டியலுக்கும் போங்கள். வயது உத்தேசமாகப் போட்டது. நாலைந்து வருடம் முன்பின் இருந்தால் தள்ளிவிட வேண்டாம். தகப்பன் பெயர் ஒட்டவில்லையென்றால் மட்டும் நிறுத்துங்கள்.

ஊரைத் தீர்மானிப்பது தாலுகாக் கட்டம். கிராமப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், புதூரும் பாளையமும் எல்லாத் தாலுகாவிலும் உண்டு. அந்தத் தாலுகாவையும் இன்றைய வரைபடத்தில் தேடக் கூடாது. அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஊத்தங்கரை, திருச்செங்கோடு எல்லாம் அடக்கம். தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் தனி மாவட்டமாயின. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நாமக்கல் தாலுகா 1910-ல் திருச்சி ஜில்லாவில் சேர்க்கப்பட்டு, பிறகு சேலத்துக்கே திரும்பியது. சென்னையிலிருந்து ஃபிஜிக்குக் கப்பல் போனது 1903 முதல் 1916 வரை. ஆக, கடைசி ஆண்டுகளின் பாஸில் 'திருச்சிராப்பள்ளி' என்றிருந்தாலும் நாமக்கல் குடும்பமாக இருக்கலாம்.

முதலில் அந்த ஆண்டின் தாலுகா எல்லை, பிறகு அதற்குள் ஒலி ஒத்துவரும் கிராமங்கள் என்று, பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தேடுங்கள். ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றிலும் 'சேலம்' என்றே இருந்தால் சந்தேகப்படுங்கள். அது ஆள்பிடித்த இடமாக இருக்கக்கூடும். குடும்பம் சொல்லும் 'ஏற்காடு' கூட, அவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த இடமாக இருக்கலாம். நிலத்தையும் அதன் உரிமையாளரையும் குறித்த பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் தகப்பன் பெயர் கிடைத்தால் நல்லது. நிலமில்லாதவர் பெயர் அதில் வராது, கூலிக்குப் போனவர்களில் நிலமில்லாதவர்களே நிறைய.

குலதெய்வம் இரண்டாவது சாட்சி. ஒரே கோயிலுக்குப் பல ஊர்ப் பங்காளிகள் வருவதால் அது வம்சத்தைக் காட்டும், வசித்த ஊரைக் காட்டாது. பாஸ் காட்டிய கிராமத்திலிருந்து அந்தக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவர்கள் இருந்தால் முடிச்சு இறுகும். மலேயாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன மேஸ்திரி) வழியாகப் போனவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு இந்தமாதிரி ஒப்பந்தப் பாஸ் கிடையாது. கங்காணி பெரும்பாலும் தன் ஊர், தன் உறவு என்றே ஆள் சேர்த்ததால், அவர் ஊரையும் குலதெய்வத்தையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

டி.என்.ஏ. சோதனை பக்கம் எங்களுக்குப் பழக்கம் குறைவு. பொதுவான வட்டாரத்தைக் காட்டலாம், ஊர் சொல்லாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய வம்சங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும். காட்டும் உறவுமுறையை அப்படியே நம்ப வேண்டாம். எடுப்பதென்றால் வீட்டில் மூத்தவருக்கும், பாஸ் காட்டிய கிராமத்துப் பங்காளி ஒருவருக்குமாகச் சேர்த்து எடுங்கள்.