முனைவர் ஆய்வுக்கு எது: சில்லு அதிர்வியா, மிதக்கும் துகளா?

அதிரும் பொருளைக் குவாண்டம் விதிகள் வெளிப்படும் நிலைக்குக் கொண்டுபோக முடியும் என்பது 2010-லேயே தெரிந்துவிட்டது. இன்று இத்துறையில் முனைவர் ஆய்வு தொடங்குபவர் முடிவு செய்ய வேண்டியது வேறு: சில்லில் (சிப்) செதுக்கிய அதிர்வியா, லேசர் ஒளியில் மிதக்கும் துகளா?

சில்லின் பலம் கியூபிட், அதாவது குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு. சாண்டா பார்பராவில் 2010-இல் ஆரன் ஓகானல், அப்போது ஆய்வு மாணவர், 6 கிகாஹெர்ட்ஸ் அதிர்வி ஒன்றை மீக்கடத்திக் கியூபிட்டோடு இணைத்தார். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில், 25 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தாலே வெப்ப அதிர்வு அடங்கிவிடும். பிறகு கியூபிட்டை வைத்துப் போனான்களை, அதாவது அதிர்வு ஆற்றலின் மிகச்சிறு பொட்டலங்களை, ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், எடுக்கலாம். 2023-இல் சூரிக்கின் ஈ.டி.எச். குழு, 16 மைக்ரோகிராம் படிகத்தின் அதிர்வை, ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் அதிர்வுகளாக இருக்கும் ஷ்ரோடிங்கர் பூனை நிலைக்குக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். எனக்கு இன்றும் வியப்பூட்டும் சோதனை அது.

அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வகம் செய்த அலுமினிய முரசும் (முரசுத் தோல்போல் அதிரும் நுண்படலம்) சில்லு வகைதான். ஆனால் அது அதிர்வது சுமார் 10 மெகாஹெர்ட்ஸில். 20 மில்லிகெல்வினிலும் ஏறக்குறைய 40 போனான்கள் மிஞ்சும். 2011-இல் மைக்ரோவேவ் கொண்டு அதைச் சராசரி 0.34-க்கு இறக்கினார்கள்.

சில்லில் மாணவரின் காலத்தைத் தின்பது தயாரிப்பு. தூசி புகாத கிளீன்ரூமில் ஒரு படலம் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செய்து முடித்ததைக் குளிர்விக்கவே நாள்கள் போகும். குளிர்ந்த பிறகுதான் அது வேலை செய்கிறதா என்று தெரியும்.

மிதக்கும் துகள் எதிலும் ஒட்டியிருப்பதில்லை. அதனால் பிடிமானம் வழியே ஆற்றல் கசிவதில்லை. வியன்னாவில் 2020-இல் 143 நானோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உருண்டையை, சுற்றுப்புறம் அறை வெப்பநிலையில் இருக்கும்போதே, சராசரி 0.43 போனானுக்குக் குளிர்வித்தார்கள். அதன் அதிர்வெண் 305 கிலோஹெர்ட்ஸ். அறை வெப்பத்தில் அப்படியே விட்டால் சுமார் 2 கோடி போனான்கள் இருக்கும். அத்தனையையும் வெளியேற்றியது லேசர் ஒளி மட்டுமே. சில்லுகளை மில்லிகெல்வினுக்குக் குளிர்விக்கும் டைல்யூஷன் ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை.

ஆனால் பிடித்து வைத்திருக்கும் அதே ஒளியின் ஃபோட்டான்கள் துகளை உதைத்துக்கொண்டே இருக்கும். மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகளும் மோதும். சில்லில் கியூபிட் செய்யும் வேலையைச் செய்ய இங்கே எளிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஒளியை அணைத்து, துகளைத் தன்போக்கில் விழவிட முடியும் என்பதே இதன் தனிச்சிறப்பு. நிறை கூடிய பொருள் இரண்டு இடங்களில் ஒருசேர இருக்க முடியுமா, அப்போது ஈர்ப்பு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வருவது அதனால்தான்.

குவாண்டம் நினைவகம், குவாண்டம் கணினி என்று போக விரும்புபவருக்குச் சில்லுதான் சரி. கற்ற கைவேலை அப்படியே அங்கே பயன்படும். அந்தத் தீர்மானம் இல்லாதவருக்கு நான் மிதக்கும் துகளையே சொல்வேன். லேசர், வெற்றிடக் கலன், மின்னணுச் சுற்று என்று சோதனை முழுவதும் ஒரே மேசையில், மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிழை எங்கே என்று அன்றே தேடலாம்.

எதுவானாலும், சேருமுன் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். சில்லுக் குழுவென்றால், சில்லைச் செய்வது யார், ஒரு ஃபிரிட்ஜை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று கேளுங்கள். மிதவைக் குழுவென்றால், அழுத்தத்தை எவ்வளவு இறக்குகிறார்கள், அங்கே துகள் பிடியிலிருந்து நழுவாமல் நிற்கிறதா என்று கேளுங்கள்.