ரேடியோ அலை உணர்விச் சுற்று: ஒற்றை டையோடா, இரட்டை டையோடா?

ரேடியோ அலை இருப்பதை மீட்டரில் காட்டும் இந்தச் சுற்றை ஒரு டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கொண்டோ இரண்டு கொண்டோ அமைக்கலாம். ஒற்றை டையோடு சுற்றின் வரைபடத்தில் ஆன்டெனாவிலிருந்து டையோடு வழியாகச் செல்லும் பாதை ஒரு சிறு மின்தேக்கியையும் அதற்கு இணையாக உள்ள மைக்ரோ ஆம்பியர் மீட்டரையும் அடைந்து தரையில் முடிவதால், புதியவரும் அதை எளிதில் பின்தொடரலாம். ஆனால், டையோடுக்கு முன்னால் தரைக்கு இறங்கும் சுருளையோ மின்தடையையோ தேவையற்றதென்று விட்டுவிடக் கூடாது. நேர்மின்னோட்டம் (DC) திரும்பிவர அதுவே வழி.

இரட்டை டையோடு சுற்றில் அந்தச் சுருள் தேவையில்லை. ஆன்டெனாவுக்கு அடுத்து தொடராக ஒரு மின்தேக்கி வரும். அதன் மறுமுனையில் புள்ளியிட்டுக் காட்டப்பட்ட சந்திப்பில் இரு டையோடுகளும் சேரும். தரையுடன் இணைந்த டையோடு எதிர் அரைச்சுற்றில் மின்தேக்கியை ஏற்றிவைக்க, மற்றொன்று நேர் அரைச்சுற்றில் அந்த மின்னழுத்தத்தையும் சேர்த்து வெளியே தருவதால், வலுவான அலைக்கு வெளியீடு ஏறக்குறைய இருமடங்காகிறது. மீட்டர் அதிக மின்னோட்டம் இழுத்தால் இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

வரைபடத்தில் டையோடைக் குறிக்கும் முக்கோணத்தின் நுனியிலுள்ள கோடு கேத்தோடு, அதாவது மின்னோட்டம் வெளியேறும் முனை. டையோடின் உடலில் அதையே பட்டை காட்டும். ஒற்றைச் சுற்றில் டையோடைத் திருப்பி வைத்தால் முள் எதிர்த்திசையில் தள்ளப்படும், அவ்வளவுதான். இரட்டைச் சுற்றில் ஒன்று மட்டும் திரும்பினால் முள் ஏறக்குறைய அசையாது, காரணத்தைத் தேடுவதும் கடினம். ஆகவே முதன்முறை செய்பவருக்கு ஒற்றைச் சுற்றையே பரிந்துரைப்பேன். எந்தச் சுற்றானாலும், சுமார் 0.6 வோல்ட் கேட்கும் சாதாரண சிலிக்கான் டையோடைவிட, 0.2 முதல் 0.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கும் ஜெர்மானியம் டையோடு மெலிந்த அலைகளுக்கு ஏற்றது.