ஜாக் ஹேஸின் ஐந்து குண்டு ரிவால்வர்: கோல்ட் பேட்டர்சன் எப்படி?

டெக்சாஸின் எல்லைக் காவல் படையான ரேஞ்சர்களின் தலைவர், 1850 முதல் சான் பிரான்சிஸ்கோ ஷெரிஃப், 1860-ல் இன்றைய நெவாடாவில் பையூட் பழங்குடியினரை எதிர்த்த தன்னார்வப் படையின் கர்னல். ஜாக் ஹேஸ் வகித்த பொறுப்புகள் பல என்றாலும், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது .36 காலிபர் (குழல்வாய் அளவு) கோல்ட் பேட்டர்சன்தான். அன்று தனி நாடாயிருந்த டெக்சாஸின் கடற்படை 1839-ல் வாங்கிய 180-லிருந்து ரேஞ்சர்களுக்கு வந்த துப்பாக்கி இது.

சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் குண்டு நிரப்பும் ஐந்து அறை கொண்ட சிலிண்டர் ஓர் அறை நகரும். மடிந்திருக்கும் விசை (ட்ரிக்கர்) அப்போதுதான் கீழே இறங்கும். அதைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. நேர்த்தியான வேலைதான், ஆனால் உள்ளுறுப்புகள் நோஞ்சான். குதிரைச் சவாரியின் தூசிக்கும் அடிக்கும் தாங்காது.

பெரிய குறை, வெடிமருந்து நிரப்புவது. குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்து, குழலை உருவி, சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வோர் அறையிலும் மருந்து கொட்டி ஈயக் குண்டை அழுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கோத்து, சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் ஐந்து கேப்புகளையும் மாட்ட வேண்டும். குண்டு திணிக்கும் நெம்புகோல் பிற்பாடு வந்தவற்றில்தான் உண்டு. ஓடும் குதிரைமேல் ஆப்பு கைநழுவினால் அவ்வளவுதான். நிரப்பிய உபரி சிலிண்டர் இருந்தால் வேலை பாதியாகும், ஆனால் அப்போதும் குழலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இத்தனை குறையோடும் 1844 ஜூனில், டெக்சாஸின் வாக்கர்ஸ் கிரீக் ஓடையருகே இது போரின் முறையையே மாற்றியது. அதுவரை ஒரு குண்டு சுட்டதும் ரைஃபிளை நிரப்ப இறங்கி நிற்க வேண்டும். அதற்குள் எதிரியான கோமாஞ்சே பழங்குடி வீரன் பல அம்பு எய்துவிடுவான். சுமார் 15 பேரோடு வந்த ஹேஸ், தம்மைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்தைக் குதிரைமேலிருந்தே துரத்தினார். கடைசியில் ரிவால்வர்கள் காலியாகிவிட, எதிர்த்தரப்புத் தலைவரை வீழ்த்தியது ரேஞ்சர் கில்லெஸ்பியின் ரைஃபிள். பேட்டர்சனின் பலம், பலவீனம் இரண்டும் அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டன.

அந்தச் சண்டையில் ஈட்டிக்காயம் பட்ட ரேஞ்சர் சாமுவேல் வாக்கரின் யோசனையில் 1847-ல் வந்த வாக்கர் கோல்ட்டில் ஆறு அறை, .44 காலிபர், காப்பு வளையத்தோடு நிலையான விசை, குழலடியில் நெம்புகோல். எடை மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். சுட்ட அதிர்ச்சியில் நெம்புகோல் இறங்கிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், தோல்வாரால் கட்டிவைத்தார்கள். சில சிலிண்டர்கள் வெடித்தும் போயின. ஆனாலும் சண்டைக்கு வாக்கரே மேல்.

பேட்டர்சன் நகல் வாங்குபவர் முதலில் ஆப்பைப் பார்க்கட்டும். அளவு மீறி அடித்தால் குழல் சிலிண்டரை உரசி அது சுழலாது. தளர்ந்தால் இடைவெளி கூடிப் புகையும் அழுத்தமும் வெளியே கசியும். சுடுவதானால் ஒவ்வொரு குண்டின்மேலும் கொழுப்பு தடவுங்கள். ஓர் அறையின் பொறி பக்கத்து அறைக்குத் தாவினால் கையிருக்காது.