பழைய காமிக்ஸ் அனுப்ப ஸ்பீட் போஸ்ட்டா, கூரியரா? காரைக்குடியிலிருந்து ஓர் அலசல்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் பீங்கான் ஜாடியையும் எனாமல் தூக்கையும்தான் தேடுவார்கள். அந்தச் சாமான்களுக்கு நடுவே, ஏதோ ஒரு செட்டிநாட்டு வளவு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த முத்து காமிக்ஸோ ராணி காமிக்ஸோ சணல் கயிறு போட்ட கட்டாக எப்போதாவது வந்து விழும். அதைப் பேரம் பேசி வாங்குவது பெரிய வேலை இல்லை. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் சேகரிப்பாளர் கைக்கு மூலை மடங்காமல் போய்ச் சேர்ப்பதில்தான் பாடு இருக்கிறது. இரண்டு வழியிலும் அனுப்பிப் பார்த்துவிட்டேன். இப்போது கொஞ்சம் விலை போகும் புத்தகம் என்றால் ஸ்பீட் போஸ்ட்தான், அதுவும் இன்ஷூரன்ஸ் போட்டு. சாதாரண மறுபதிப்பு என்றால் எது பக்கத்தில் இருக்கிறதோ அது.

வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நாற்பது வருஷம் பெட்டகத்தில் கிடந்த புத்தகம் இன்னும் ஒரு நாள் வழியில் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. டிராக்கிங் இரண்டிலும் உண்டு. வசதி என்று பார்த்தால் கூரியர்தான் முன்னால் நிற்கிறது: ராத்திரி வரை கடை திறந்திருக்கும், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், வாட்ஸப்பில் ரசீது வந்துவிடும். தபால் ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும். சில நாள் சர்வர் வேலை செய்யாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒரு பக்கம் சாய்வது நியாயமில்லை.

செலவைப் பற்றி ஒன்று மட்டும். கூரியர்காரர்கள் பெரும்பாலும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதில் வரும் கிலோவையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு கேட்பார்கள். இரண்டே புத்தகத்தை 35-க்கு 28-க்கு 10 என்ற பெட்டியில் வைத்தால் கணக்கில் அது கிட்டத்தட்ட 2 கிலோ. அதையே 32-க்கு 25-க்கு 2 என்று தட்டையாகக் கட்டினால் 320 கிராம்தான். தபால் துறையும் பெரிய பார்சல்களுக்கு இந்தக் கணக்கைப் போடுவதுண்டு. ஆகவே யாரிடம் கொடுத்தாலும் தட்டைக் கட்டுதான் லாபம்.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது வேறு விஷயம். புத்தகம் கெட்டுப்போனால் அதன் மதிப்பு எவ்வளவு என்று யார் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்?

முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது 1972-இல். லயன், ராணி இரண்டும் 1984. அந்த நாள் இதழ்களின் அட்டையில் அச்சான விலை இன்றைக்கு ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது. ஆனால் அட்டை கிழியாத, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத பிரதி ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். வழியில் தொலைந்தாலோ தண்ணீர் பட்டாலோ அனுப்பியவர் கேட்பது அந்த ஆயிரங்களை. தரவேண்டியவர் பார்ப்பது ரசீதை.

கூரியர் ரசீதின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது ஒருமுறை படியுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு போட்டிருக்கும், அது பெரும்பாலும் சொற்பத் தொகை. முன்பக்கம் கையெழுத்துப் போட்டதோடு அதற்கும் சம்மதித்தாகிவிட்டது. 1996-இல் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: கையெழுத்திட்ட ரசீதில் வரம்பு இருந்தால் அது கட்டுப்படுத்தும். அந்த வழக்கில் வரம்பு 100 அமெரிக்க டாலர். கூடுதலாகப் பணம் கட்டினால் முழு மதிப்புக்குப் பாதுகாப்பு தருகிற திட்டம் சில கூரியர்களிடம் உண்டு. ஆனால் அது நம்மூர் கிளைக் கவுண்டர் வரை வந்து சேர்வதில்லை. நான் கேட்டபோது கவுண்டர் பையன் சிரித்துக்கொண்டே சொன்னது: “இன்ஷூரன்ஸா? அதெல்லாம் எதுக்குண்ணே, பத்திரமாப் போயிரும்.” பத்திரமாகத்தான் போனது. ஆனால் அடுத்த முறை அனுப்பியது ஒரு முனை நசுங்கிப் போய்ச் சேர்ந்தபோது, அவனிடம் பேச ஒன்றுமில்லை. ரசீதில் இருந்த ‘பொருள்’ என்ற கட்டத்தில் ‘புக்ஸ்’ என்று எழுதியிருந்தான். மதிப்புக் கட்டம் காலி.

தபால் துறை மட்டும் என்ன, தாராளப் பிரபுவா? இல்லை. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டமும், விதிகளில் சொன்ன அளவைத் தாண்டித் துறைக்குப் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறது. இன்ஷூரன்ஸ் போடாத ஸ்பீட் போஸ்ட் தொலைந்தாலோ சேதமானாலோ கிடைப்பது, கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 70 ரூபாய் கட்டியிருந்தால் 140 ரூபாய். கூரியரின் பொடி எழுத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மதிப்பு அறிவித்து இன்ஷூரன்ஸ் போடலாம். கவுண்டரில் சொன்னால் மறு பேச்சில்லாமல் அதற்கான தொகையைச் சேர்த்து ரசீது அடித்துத் தருவார்கள். மதிப்பு ரசீதில் ஏறிவிடுகிறது, அதுதான் முக்கியம். நாளைக்கு ஒரு சண்டை என்று வந்தால் ‘பழைய புத்தகம்தானே’ என்று தட்டிக்கழிக்க முடியாது. அறிவித்த தொகைக்கு ஆதாரம் கேட்பார்கள் என்பதால், வாங்கியவர் அனுப்பிய யூபிஐ பணத்தின் ஸ்கிரீன்ஷாட், என்ன புத்தகம், என்ன கண்டிஷன் என்று பேசிக்கொண்ட செய்தி இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். புத்தகத்தின் உண்மையான விலைக்கு மேல் மதிப்பு போட்டுப் பயனில்லை. பார்சல் கட்டிய விதம் சரியில்லை என்று தெரிந்தால் அங்கேயும் கை விரித்துவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் தொகை கேட்டு நான் கடைசிவரை போய் வாங்கியதில்லை. அதற்குத் தேவை வரவில்லை. ஆகவே பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும்.

பழைய ரிஜிஸ்டர்டு போஸ்ட்டைத் தேடுகிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. முகவரிதாரர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவு வசதியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம், அதற்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஓடிபி சொன்னால்தான் டெலிவரி என்ற வசதியும் அதே விலைதான். அடுக்குமாடிக் காவலாளி மேசையில் வெயிலில் கிடக்க வேண்டாம் என்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

செட்டிநாட்டு முகவரிக்கு வரவழைக்கிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கூரியர் வந்தால் பல நேரம் போன் மட்டும்தான் வரும்: ‘காரைக்குடி ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா?’ பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். உடமைப்பட்டவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கும். தபால்காரருக்கு எந்தக் குடும்ப இனிஷியல் எந்த வீடு, அந்த வீட்டுத் தபாலை யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம்.

சரி, யாரிடம் கொடுத்தாலும் கட்டு சரியாக இருந்தால்தான் எல்லாம். சாக்கு மூட்டைக்குள் அடியில் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பது பம்புசெட் உதிரிப் பாகமாகவும் இருக்கலாம். ‘மடக்காதீர்’ என்று சிவப்பு மையில் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மடக்க முடியாதபடி கட்டுவதுதான் வழி.

முதலில் புத்தகத்தை பாலிப்ரோப்பிலீன் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அது பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். உறைக்குள் புத்தகத்தின் பின்னால் ஒரு மெல்லிய அட்டை. உறையின் வாயை ஒட்டும் டேப்பின் பசை வெளியே தெரியக்கூடாது, வாங்கியவர் புத்தகத்தை உருவும்போது முன்னட்டை அதில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். டேப்பின் நுனியை மடித்து ஒரு காது விட்டுவிட்டால் அவர் கத்தரிக்கோல் இல்லாமலே பிரித்துவிடுவார். பிறகு, புத்தகத்தைவிட நாலா பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரிதாக இரண்டு நெளி அட்டைகள் வெட்டுங்கள். பழைய பெட்டியைப் பிரித்து வெட்டினாலே போதும், ஆனால் மடிப்புக் கோடு நடுவில் வரக்கூடாது. ஒன்றின் நெளி நீளவாக்கில் என்றால் மற்றதன் நெளி குறுக்குவாக்கில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து மடக்கிப் பாருங்கள், எந்தப் பக்கமும் மடியாது. உறையை ஓர் அட்டையின் மையத்தில் டேப் போட்டு நிறுத்துங்கள். இது முக்கியம். நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டால், அட்டை பெரிதாக இருந்தும் கீழே விழும்போது அடி புத்தகத்தின் மூலையில்தான் படும். மேல் அட்டையை மூடி நாலு பக்கமும் ஒட்டி, அதன்மேல் பபிள் ராப் சுற்றி, கடைசியாகக் கிழியாத பிளாஸ்டிக் கவர். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் இரண்டு சுற்று. நியூஸ்பிரின்ட் ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், காய வைத்தாலும் பழையபடி வராது. சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புவது போஸ்டருக்குச் சரி. நடுவில் பின் அடித்த புத்தகத்தைச் சுருட்டினால் முதுகு போய்விடும்.

கட்டுவதற்கு முன் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின் இருக்கும் நடுப்பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுகிறேன். ராமபாணப் பூச்சி ஏற்கெனவே போட்ட ஓட்டைக்கும் வழியில் விழுந்த கிழிசலுக்கும் வித்தியாசம் காட்ட வேறு வழியில்லை.

வாங்குகிறவர்களுக்கு: கட்டு நசுங்கியோ நனைந்தோ வந்தால் அப்படியே பிரிக்காதீர்கள். ஆறு பக்கமும் போட்டோ, பிறகு பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோ. தபாலில் வந்ததென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அஞ்சலகத்தில் ஓப்பன் டெலிவரி கேட்கலாம். அவர்கள் முன்னிலையில் பிரித்து, உள்ளே என்ன நிலையில் இருந்தது என்று குறித்துத் தருவார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பிற்பாடு புகார் எழுதினால் வலுவிருக்காது. அட்டை, கவர், லேபிள் எதையும் குப்பையில் போடாதீர்கள், எடைக்குக்கூடப் போடாதீர்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்க வேண்டாம். பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். நான் விற்றது என்றால், சேதத்துக்கு என்னிடம்தான் கேட்க வேண்டும், தபால்காரரிடம் அல்ல. பணத்தைத் திருப்பிவிட்டு இன்ஷூரன்ஸை நான் பார்த்துக்கொள்வேன். விற்கிற எல்லோரும் இதை முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பஸ் பார்சல் பற்றிக் கேட்கிறார்கள். சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போட்டால் காலையில் இருக்கும், உண்மைதான். ஒரு முழுப் பெட்டி புத்தகம் என்றால் நானும் அதைத்தான் யோசிப்பேன், கை மாறுவது குறைவு. ஆனால் டிக்கியில் எதன்மேல் எது ஏறும் என்று யாருக்கும் தெரியாது, வாங்குகிறவர் பார்சல் ஆபீஸுக்கு நேரில் போக வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள், நகரத்தார் சொந்தபந்தம் அங்கே அதிகம். தபாலில் நான் அனுப்பியது மிகக் குறைவு, சுங்கப் படிவம் நிரப்பியதைத் தவிரச் சொல்ல அனுபவம் இல்லை. விலை கூடிய புத்தகம் என்றால் கல்யாணத்துக்கோ கோவில் படைப்புக்கோ ஊருக்கு வருகிற அவர்கள் வீட்டு ஆள் யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேட்கிறேன். இருந்தால் அதே அட்டைக் கட்டுதான், கையில் எடுத்துக்கொண்டு ஏறும் பையில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். பெட்டியில் போட்டால் அதுவும் பார்சல்தான்.