முதல் நடைக்கு ஈரோடா, கரூரா?

ஒரே நாள், நடந்தே ஊர் பார்க்க வேண்டும் என்றால் கொங்கில் என் மனம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடும்.

பழமை வேண்டுமென்றால் கரூர்தான். சேரர் தலைநகரான வஞ்சி இதுவே என்பது அறிஞர் பலரின் முடிவு. அமராவதிக் கரையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சம்பந்தர் பாடிய பசுபதீஸ்வரர் கோயிலில் சித்தர் கருவூர்த்தேவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான எறிபத்தர் கோடரி ஏந்தியதும் இந்தத் தெருக்களில்தான். அப்புறம் சாயங்காலம் கரூரின் நொறுக்குத் தீனியான ‘கரம்’ ஒரு தட்டு! சேர மன்னர் பெயர்களைத் பழைய தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த புகழூர் ஆறுநாட்டார் மலைக்கு மட்டும் பேருந்து ஏற வேண்டும், நடை தூரமில்லை.

ஈரோட்டில் எல்லாம் பக்கம் பக்கம். கோட்டை ஈஸ்வரன் கோயில், கஸ்தூரி அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, 1879இல் பிறந்த பெரியாரின் நினைவகம், பிரப் தேவாலயம். கணிதமேதை ராமானுஜன் 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

முதல் முறை என்றால் ஈரோட்டுக்கே போகச் சொல்வேன், கால் நோகாது. கரூருக்கு மலையையும் சேர்த்து முழு நாள் ஒதுக்குங்கள், வெயிலுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.