விபிஎன்னா, பிரவுசரா, டிஎன்எஸ்ஸா: எது எதைத் தடுக்கும்?

பெங்களூருவில் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கி வேலை பார்க்கும் நம்ம ஆட்களிடம் ஆன்லைன் கண்காணிப்பு பற்றிப் பேசினால், முதலில் வருவது விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) பேச்சுதான். காரணம் புரிகிறது. வைஃபை ஓனருடையது, பாஸ்வேர்டு வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும், மாடிக்கு இருபது பேர் அதில்தான் தொங்குகிறோம். நாம் எந்த இணையதளத்துக்குப் போகிறோம் என்பதை வைஃபைக்காரரிடமிருந்தும் இணைய நிறுவனத்திடமிருந்தும் விபிஎன் மறைக்கும். அவ்வளவுதான். நேற்று பார்த்த ஷூ இன்று போகிற தளமெல்லாம் துரத்துகிறதே, அது நிற்காது. அது குக்கீ (தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பு), கூகுள் லாகின், விளம்பர ஐடி (விளம்பரக்காரர்களுக்காக ஃபோன் வைத்திருக்கும் அடையாள எண்) எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. விபிஎன்னால் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பின் எண்) மாறினாலும் லாகின் நீங்கள்தானே? இலவச விபிஎன் பக்கம் போகவே வேண்டாம். அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும், அது நம் விவரங்களை விற்றும் நடக்கலாம்.

பிரவுசரின் இன்காக்னிட்டோ (ஹிஸ்டரியைச் சேமிக்காத முறை), ரூம்மேட் ஹிஸ்டரியைப் பார்க்காமல் இருக்க மட்டும் உதவும்.

விளம்பரத் துரத்தலுக்குப் பிரவுசரைத்தான் மாற்ற வேண்டும். மூன்றாம் தரப்பு குக்கீகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு கம்பெனிகள் வைப்பவை) ஒழிக்கப் போவதாகக் கூகுளின் குரோம் 2020-ல் சொன்னது. தள்ளித் தள்ளிப் போட்டு 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி, வேறென்ன செய்யும்? ஃபயர்ஃபாக்ஸ் 2022-லிருந்து ஒரு தளத்தின் குக்கீ இன்னொரு தளத்தில் உதவாதபடி பிரித்து வைக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்க்கும் துணைக் கருவி) போடலாம். எனக்கு அதுதான் முக்கியம். ஃபோனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் வசதியே இல்லை.

பிரேவ் என்ற பிரவுசர், போட்டவுடனேயே விளம்பரங்களைத் தடுக்கும், எதையும் நோண்ட வேண்டாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மா ஃபோனுக்கு அதைச் சொல்வேன். எனக்கு வேண்டாம். அதற்குள் இருக்கும் கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) சமாசாரங்கள் எரிச்சல். 2020-ல் பயனர் கிரிப்டோ தள முகவரியை டைப் செய்யும்போது தன் கமிஷன் லிங்கைச் செருகி மாட்டிக்கொண்டதும் மறக்கவில்லை. ஐஃபோன்காரர்களுக்கு சஃபாரியே போதும்.

ஆனால் ஆப்களுக்குள் நடப்பதைப் பிரவுசர் தொட முடியாது. அதற்குத்தான் பிரைவேட் டிஎன்எஸ். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை. ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் சேவை ஒன்றின் முகவரியைப் போட்டால், ஆப்கள் தேடிப் போகும் டிராக்கர் சர்வர்களில் பல அங்கேயே அடைபட்டுவிடும். யூடியூப் விளம்பரம் இதில் போகாது. லாகின் பக்கம் கேட்கும் பொது வைஃபையில் சில சமயம் முரண்டு பிடிக்கும். கொஞ்ச நேரம் ஆஃப் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆக, ஃபயர்ஃபாக்ஸும் பிரைவேட் டிஎன்எஸ்ஸும் சேர்ந்தால் காசில்லாமல் பெரும்பாலான வேலை முடிகிறது. விபிஎன் காசை பிஜி வைஃபையை நம்பாதவர்கள் மட்டும் செலவழிக்கலாம்.

இவை எதுவும் உதவாத ஓர் இடம், மால் பில்லிங் கவுண்டர். "நம்பர் ஹேளி சார்" (நம்பர் சொல்லுங்க சார்) என்று கன்னடத்தில் கேட்பார்கள். ஃபோன் நம்பர் கொடுக்கச் சொல்லிக் கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே அறிவுறுத்திவிட்டது. "நம்பர் பேடா, பில் கொடி" (நம்பர் வேண்டாம், பில் கொடுங்க) என்றால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.