இரட்டை அதிர்வெண் ஜிபிஎஸ் கைக்கருவி: யாருக்கு உதவும்?

மலைக்காடுகளில் நடப்பவர்கள், ஜிபிஎஸ் சிக்னல் வரும் எல்1, எல்5 என்ற இரண்டு அதிர்வெண்களையும் பெறும் கைக்கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். திறந்தவெளியில் மட்டும் நடப்பவர்களுக்குப் பழைய ஒற்றை அதிர்வெண் கருவியே போதும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தங்கள் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். நாம் எங்கே நிற்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. சிக்னல் வந்துசேர்ந்த நேரத்தை அளந்து, அதைத் தூரமாக்கி, இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் நம் கையில் இருக்கும் கருவியுடையது. ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோள்களில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். கருவிக்குள் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ். அந்தக் கடிகாரப் பிழையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருப்பதால்தான் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

சிக்கல் பாறைச் சரிவுகளில் வருகிறது. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். கருவி அதை அதிகத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். என் பழைய கருவி வரைந்த தடம், நான் கால் வைக்காத எதிர்ச்சரிவில் ஏறி இறங்கியிருக்கும். எல்5 சிக்னலில் நேரத்தை அளக்க உதவும் குறியீட்டின் துடிப்பு எல்1-இன் பழைய குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகம் என்பதால், நேராக வந்ததையும் பட்டு வந்ததையும் பிரிப்பது எளிது. அப்புறம், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் இரண்டு அதிர்வெண்களையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்துகிறது. அந்த வித்தியாசத்தை வைத்தே பிழையைக் கழித்துவிட முடியும். இப்போது ஒற்றையடிப் பாதையில் போன தடமும் திரும்பிய தடமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

உயரம் மட்டும் சுமார்தான். தெரியும் கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் உயரத்தில் பிழை கூடுதல். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும், கருவியிலுள்ள காற்றழுத்தமானியை, உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது.

நீண்ட நாள் அணைத்து வைத்திருந்தால், காட்டுக்குள் நுழையும் முன்பே வெட்டவெளியில் ஆன் செய்யுங்கள். ஒரு கோள் தன் பாதை விவரத்தை முழுதாகச் சொல்ல 30 விநாடி ஆகும்; நடுவில் மரம் மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று: எனக்கு வந்த கருவியில் இரட்டை அதிர்வெண் அணைக்கப்பட்டே இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் செட்டிங்ஸில் அதைப் பாருங்கள். கூடவே ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ கோள்களையும் சேர்த்துவிடுங்கள். ஏனென்றால், எல்லா ஜிபிஎஸ் கோள்களும் எல்5 அனுப்புவதில்லை.